வளவுக்குள் ஒரு வேட்டைக்காரி: ஈரநில ஓரத்தில் பூனைகளைக் கட்டுப்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டுப் பூனை மீனு குசினித் தரையில் கொண்டுவந்து வைத்த பறவைக்கு அப்போதும் உயிர் இருந்தது. ஒக்டோபர் மாதத்து விடியற்காலை அது. பச்சை முதுகு, மஞ்சளும் பழுப்பும் கலந்த மார்பு, கண்ணுக்குக் குறுக்கே தடித்த கறுப்புக் கோடு, சிறகில் ஒரு துண்டு நீலம், குட்டை வாலின் கீழே குங்குமச் சிவப்பு. ஆறுமணிக் குருவி என்று நாம் சொல்வதும், சிங்களத்தில் அவிச்சியா என்று அழைப்பதுமான பறவை அது. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்க எங்கள் நாட்டுக்கு வருகிறது. முந்திய நாள் மாலை ஆறு மணியளவில் பின்வளவுக் கொய்யா மரத்தடியில் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டு, இந்த வருடமும் வந்துவிட்டது என்று கணவரிடம் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தேன்.

காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அட்டைப் பெட்டியில் துளையிட்டு, பழைய துணி விரித்து, இருட்டான அறையில் வைத்தேன். ஓய்வெடுத்தால் பறந்துவிடும் என்று நம்பினேன். மதியத்துக்குள் இறந்துவிட்டது. பூனையின் பல்லிலும் நகத்திலும் இருக்கும் பற்றீரியாக்கள் ஊசிமுனையளவு துளையால் உள்ளே போனாலே சிறிய பறவைகளைக் கொன்றுவிடும் என்பதையும், பூனை வாயில் அகப்பட்ட பறவையை, காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சில மணித்தியாலங்களுக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்கக்கூடிய மிருக வைத்தியரிடம் சேர்க்க வேண்டும் என்பதையும் நான் பிறகுதான் அறிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாமற் போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

மீனு பட்டினி கிடந்த பூனையல்ல. அன்றும் அவளுடைய கிண்ணத்தில் சோறு மிச்சமிருந்தது. இந்த ஒரு விடயத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் எடுத்தது. அதன் பிறகு நான் செய்தவை எல்லாம் அதிலிருந்தே தொடங்கின.

நாங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து அத்திடியப் பக்கம் குடிவந்தவர்கள். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு வாய்க்கால். அதற்கு அப்பால் பெல்லன்வில – அத்திடிய சரணாலயத்தின் சதுப்பு. 1990 ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த நிலம், கொழும்பு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வெள்ளத்திலிருந்து காக்கும் ஈரநிலத் தொகுதியில் ஒரு பகுதி. 2018 இல் டுபாயில் நடந்த ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டபோது, ஆசிரியையாக இருந்த நான் அதை வகுப்பில் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். அந்த ஈரநிலத்தின் உயிர்களை என் வீட்டிலிருந்தே ஒரு வேட்டைக்காரி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது என் சிந்தையில் இல்லை.

இலங்கைக்கு உரிய காட்டுப் பூனையினங்கள் நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை. வீட்டுப் பூனை இவற்றுள் சேராது. அது மனிதனோடு வந்தது. நீண்ட காலமாக இங்கே இருப்பதால் அதை அந்நிய விலங்கு என்று எவரும் நினைப்பதில்லை. ஆனால் உலகெங்கும் மனிதனோடு பரவிய பூனைகள் 63 முதுகெலும்புள்ள இனங்களின் அழிவோடு தொடர்புபட்டுள்ளன என்றும், அவற்றுள் 40 பறவைகள் என்றும் 2016 இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. நியூஸிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894 இல் வெளிச்சவீடு எழுந்தபோது கூடவே வந்த பூனைகள், பறக்க மாட்டாத ஒரு சின்னஞ்சிறு குருவியினத்தைச் சில ஆண்டுகளுக்குள் உலகிலிருந்தே துடைத்துவிட்டன.

காட்டு வேட்டைவிலங்குக்கும் எங்கள் பூனைக்கும் உள்ள வேறுபாடு கூர்மையான நகத்தில் இல்லை, சோற்றுக் கிண்ணத்தில் இருக்கிறது. மீன்பிடிப் பூனை வாழும் சதுப்பில் மீனும் எலியும் குறைந்தால் அதன் குட்டிகள் பிழைக்காது. வேட்டைவிலங்கு குறையும், இரை மீண்டும் பெருகும். எங்கள் பூனைக்கோ இரை குறைந்தாலும் கிண்ணம் நிரம்பியே இருக்கும். ஆகவே ஒரு ஏக்கரில் எத்தனை பூனைகள் வாழலாம் என்பதை அந்த ஏக்கரில் உள்ள ஓணான்களும் குருவிகளும் தீர்மானிப்பதில்லை, நாங்கள் தீர்மானிக்கிறோம். கடைசி ஓணான் போன பின்னரும் பூனை உயிரோடு இருக்கும். ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் பட்டி கட்டி நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெரும்பாலானவை வீட்டிலிருந்து சுமார் 100 மீற்றருக்குள்ளேயே உலாவின என்றும், அந்தச் சிறிய வட்டத்துக்குள் அவை ஏற்படுத்தும் இழப்பு, அதே பரப்பில் ஒரு காட்டு வேட்டைவிலங்கு ஏற்படுத்துவதைவிட இரண்டு முதல் பத்து மடங்கு அதிகம் என்றும் கண்டார்கள். எங்கள் வீட்டுப் படியிலிருந்து வாய்க்கால் நூறு மீற்றர்கூட இல்லை.

ஆறுமணிக் குருவி இறந்த அன்று ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து, மீனு கொண்டுவரும் ஒவ்வொன்றையும் திகதியோடு எழுதத் தொடங்கினேன். யாராவது இந்தப் பிரச்சினையைக் கையிலெடுக்க விரும்பினால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன், ஏனெனில் நினைவு நம்மை ஏமாற்றிவிடும். பறவை மட்டுமே மனதில் நிற்கும். என் கொப்பியின் முதற் பக்கத்தில் பறவைகள் சிலவே. மிச்சமெல்லாம் அரணை, பச்சை ஓணான், பல்லி, மரத்தவளை, தும்பி, கொன்றுவிட்டுத் தின்னாமல் விட்ட மூஞ்சூறு. எலி மிகக் குறைவு. எலி பிடிக்கத்தான் பூனை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு என் கொப்பி சாட்சி சொல்லவில்லை. பூனைகளின் கழுத்தில் சிறு கமராவைக் கட்டி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வில், அவை பிடித்தவற்றில் 23 சதவீதம் மட்டுமே வீட்டுக்கு வந்தன. ஏறக்குறைய பாதியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டன. அங்கேயும் அதிகம் அகப்பட்டவை ஊர்வனவே. ஆகவே கொப்பியில் ஒரு வரி என்றால், வளவில் நான்கு உயிர்கள் போயிருக்கலாம் என்று நான் கணக்கிட வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் செய்தவற்றை முதலில் சொல்கிறேன். எல்லோரையும் போல நானும் மணியில்தான் தொடங்கினேன். பலனில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் 219 வீடுகளின் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021 இல் வெளியிட்ட சோதனையிலும் மணி எந்தக் குறைவையும் காட்டவில்லை. பளிச்சென்ற வண்ணத் துணிப் பட்டி பறவைகள் அகப்படுவதை 42 சதவீதம் குறைத்தது. பறவைகள் நிறத்தை நன்றாகக் காண்கின்றன. ஆனால் அது ஓணானையும் தவளையையும் காப்பாற்றாது. அதே சோதனையில், இறைச்சி நிறைந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதமும், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகளுடையது 25 சதவீதமும் குறைந்தன.

இதை வாசித்தபோதுதான் மீனுவின் கிண்ணத்தை மீண்டும் பார்த்தேன். சோறு, அதன்மேல் மீன் கழுவி அவித்த தண்ணீர், இரண்டு தலை. கொழும்பில் நம் வீடுகளில் பெரும்பாலான பூனைகள் உண்பது இதுதான். வயிறு நிறையும், ஆனால் பூனை முழுக்க முழுக்க இறைச்சியுண்ணி. அதன் உடலுக்குத் தேவையான சத்துக்களில் சில சோற்றில் இல்லவே இல்லை. அன்றிலிருந்து சோற்றை ஒரு பிடிக்குக் குறைத்து, எலும்பு நீக்கி அவித்த கோழியும் மீனும் கொடுத்தேன். வாரத்தில் சில நாட்கள், பூனைக்கென்றே தயாரித்த முழுமையான டின் உணவு. அதோடு மாலையில் ஒரு கம்பின் நுனியில் இறகைக் கட்டி, அவள் பதுங்கிப் பாய்ந்து பிடித்து உதைக்கும்வரை விளையாடி, முடிந்ததும் உணவு வைப்பேன். இந்த ஒழுங்கு முக்கியம்: வேட்டை, பிறகு உணவு, பிறகு உறக்கம். உணவை முதலில் வைத்துவிட்டால் விளையாட்டு எடுபடாது.

ஆனால் இவை எல்லாம் குறைக்கும் வழிகளே. நிறுத்திய வழி ஒன்றுதான்: கதவை மூடியது. முதலில் மாலை ஐந்தரையிலிருந்து காலை எட்டு மணிவரை உள்ளே வைத்தேன், ஏனெனில் நிலத்தில் மேயும் பறவைகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் இறங்குகின்றன. முதல் மூன்று வாரங்கள் இரவு முழுவதும் கதவைப் பிறாண்டிக் கத்தினாள். கணவர் இரண்டு தடவை எழுந்து திறந்துவிடப் போனார். ஒரு தடவை திறந்தால்கூட, எவ்வளவு நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்பதைப் பூனை கற்றுக்கொள்ளும். ஆகவே தொடங்கினால் தளரக் கூடாது. பிறகு பின்விறாந்தையை அரை அங்குலக் கம்பிவலையால் மேலும் பக்கமும் அடைத்து, உயரத்தில் இரண்டு பலகைத் தட்டும், மணல் நிரப்பிய ஒரு தட்டமும், ஒரு சட்டியில் புல்லும் வைத்துக் கொடுத்தோம். நைலோன் வலையை ஒரு இரவில் கடித்துவிட்டாள், கம்பிவலைதான் தாக்குப்பிடித்தது. அந்த விறாந்தை முடிந்த மாதத்திலிருந்து கொப்பியில் அவள் பெயரில் வீட்டுக்குள் நுழைந்த பல்லிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. வெயில் படும் மேல் தட்டில் படுத்துக்கொண்டு, கொய்யா மரத்து அணில்களைப் பார்த்துத் தாடையை நடுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இது சிறையா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. காதில் கடிபட்ட சீழும் வாகனப் பயமும் இல்லாமல் இன்று அவள் கொழுத்திருக்கிறாள். எனக்கு அது போதுமான பதில்.

என் பூனையை அடைத்துவிட்டால் வளவு அமைதியாகிவிடும் என்று எண்ணியது பெரிய தவறு. அவள் விட்டுச்சென்ற இடத்துக்கு ஒரு மாதத்துக்குள் ஒழுங்கைக் கடுவன் ஒன்று வந்துவிட்டது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது பூனை உணவின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, வீடு மாறியவர்களும் நாடு விட்டுப் போனவர்களும் விட்டுச்சென்ற பூனைகள் எங்கள் ஒழுங்கையில் பெருகியிருந்தன. மூலை வீட்டு அன்ரி இரு வேளையும் மதிலோரம் செய்தித்தாள் விரித்துச் சோறு வைப்பார். அவரிடம் பேசப் போனபோது என் கொப்பியையும் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்கவேயில்லை. "வாயில்லாச் சீவன் வாசலில நிண்டு கத்தேக்க எனக்குச் சோறு இறங்காது, பிள்ளை" என்றார். அதற்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி எதுவும் இல்லை. அந்த இரக்கம் உண்மையானது. அன்று நான் கேட்டது, சோறு வைக்காதீர்கள் என்பது. இரண்டாம் தடவை போனபோது, எந்தெந்தப் பூனை எத்தனை மணிக்கு வருகிறது என்று எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஒவ்வொன்றின் தாயும் பிள்ளையும் வயதும் தெரிந்திருந்தன. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அவர்தான். சோறு வைப்பவரைப் பகைத்துக்கொண்டு ஒரு ஒழுங்கையிலும் பூனைகளைக் கட்டுப்படுத்த முடியாது.

இன்னொரு அயலவர், நஞ்சு வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்றார். அதை நான் கடுமையாக எதிர்த்தேன். நஞ்சிட்ட சோற்றைப் பூனை மட்டும் தின்பதில்லை. மரநாய் தின்னும், காகம் தின்னும், கீரி தின்னும், செத்த பூனையை உடும்பு தின்னும். கொடுமை என்பதற்காக மட்டுமல்ல, காக்க நினைத்ததையே கொல்லும் வழி என்பதற்காகவும் அது கூடாது.

கருத்தடைச் சத்திரசிகிச்சையில் நான் முதலில் செய்த பிழை, மெதுவாகச் செய்தது. மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டேன். கணிதம் கற்பித்தவளுக்கு அந்தக் கணக்கு பிழை என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 65 நாட்கள்; நான்கு, ஐந்து மாதக் குட்டியே சினைப்படும்; பாலூட்டிக்கொண்டிருக்கும் தாயும் சினைப்படும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பெட்டைப் பூனைகளின் இனப்பெருக்கம் ஓய்ந்திருக்கும். கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வேறுபாடில்லை. ஆகவே இங்கே அந்த ஓய்வுக்காலமே கிடையாது. நான் ஒன்றைப் பிடிக்கும் மாதத்தில் இன்னொரு பெட்டை நான்கு குட்டி போட்டுவிடும். ஆறு மாத உழைப்புக்குப் பின் ஒழுங்கையில் பூனைகள் கூடியிருந்தன.

அதன் பிறகு முறையை மாற்றினோம். பணத்தை முன்னதாகவே சேர்த்து, மிருக வைத்தியரிடம் தொடர்ச்சியான சில ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கிக்கொண்டு, ஒரே மாதத்துக்குள் பெட்டைகள் எல்லாவற்றையும் முடிப்பது. கடுவன்களைப் பிறகு பார்ப்பது. ஒரு கடுவனை விட்டுவைத்தாலும் அதுவே எல்லாப் பெட்டைகளோடும் சேரும். ஒரு பெட்டையை முடித்தால் அதன் குட்டிகள் அத்தனையும் நிற்கும். கையில் பணமும் நேரமும் குறைவென்றால் பெட்டைகளுக்கே முதலிடம்.

பிடிப்பதற்குக் கம்பிப் பொறிக்கூடுதான் ஏற்றது. சாக்கில் பிடிக்கப் போய் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளின் விரல் எலும்புவரை கிழிந்தது. கூட்டின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, மூன்று நான்கு நாட்கள் அதற்குள்ளேயே சோறு வைக்க வேண்டும். அன்ரி இதைச் செய்தார். பயம் தெளிந்த பிறகு, பிடிக்கும் நாளுக்கு முதல்நாள் உணவை நிறுத்தி, கூட்டின் பின்முனையில் எண்ணெயில் வறுத்த நெத்தலியோ டின் மீனோ ஒரு கரண்டி. உள்ளே மிதிதட்டை மறைக்கச் செய்தித்தாள். கதவு விழுந்த அடுத்த கணமே கூடு முழுவதையும் தடித்த துணியால் மூட வேண்டும். இருட்டானதும் பூனை அடங்கிவிடும், மூடாவிட்டால் கம்பியில் மோதி மூக்கையும் நகத்தையும் பிய்த்துக்கொள்ளும். மதிய வெயிலில் வைக்கக் கூடாது; ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேர இடிமழையிலும் வைக்கக் கூடாது. பெட்டை அகப்பட்டால் முலைக்காம்பைப் பார்க்க வேண்டும். பால் கட்டியிருந்தால் எங்கோ குட்டிகள் கிடக்கின்றன. முதலில் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். சத்திரசிகிச்சையின்போதே இடது காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதே பூனையை மறுபடி பிடித்து மறுபடி மயக்கமருந்து கொடுக்கும் நிலை வரும்.

கூட்டைக் கையாளுபவர்கள் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. கடியோ கீறலோ பட்டால் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிளும் அப்படித்தான் போனார்.

இப்போது என் மிகப் பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். வாய்க்கால் கரையில் உலாவிய ஒரு சாம்பல் பெட்டை எந்தப் பகலிலும் அகப்படாததால், ஒரு நாள் கூட்டை இரவில் அங்கேயே வைத்துவிட்டு உறங்கப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் டோர்ச்சை அடித்தபோது உள்ளே இருந்தது பூனை போலத் தெரிந்தது, ஆனால் கத்தவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு தாழ்ந்த உறுமல் மட்டும் வந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த மண்நிற மயிரில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். உடலுக்குப் பொருந்தாத குட்டையான தடித்த வால். சிறிய வட்டக் காதுகள், அவற்றின் பின்புறக் கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. கம்பியைப் பற்றியிருந்த முன்காலின் விரல்களுக்கிடையே தோல் விரிந்திருந்தது. மீன்பிடிப் பூனையின் வளர்ந்த குட்டி அது, சிங்களத்தில் ஹந்துன் திவியா. உலகளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளதாகச் சிவப்புப் பட்டியலிலும், இந்த நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்காகச் சட்டத்திலும் இருக்கும் உயிர். எந்த உயிருக்காக இந்த வேலையில் இறங்கினேனோ, அதன் மூக்குத் தோல் என் கூட்டின் கம்பியில் உரிந்து இரத்தம் கசிந்தது.

துணியால் மூடி, மரநிழலுக்குக் கீழே கூட்டை அசைக்காமல் விட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்தை அழைத்தேன். வந்த அலுவலர்கள் காயம் மேலோட்டமானது என்று பார்த்து உறுதிசெய்து, அன்று மாலையே அதே கரையில் விடுவித்தார்கள். கதவைத் தூக்கியதும் அது ஓடவில்லை. ஒரு கணம் நின்று மணந்து பார்த்துவிட்டு நாணலுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து எங்கள் விதி: பொழுது சாய்ந்த பின் சதுப்போரம் கூடு வைப்பதில்லை, கூடு வைத்தால் ஒருவர் கண்ணெட்டும் தூரத்தில் இருப்பார், கூட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பாராமல் விடுவதில்லை. மரநாயும் கீரியும் கபரகொய்யாவும் பிறகும் அகப்பட்டன. ஒவ்வொன்றும் நிமிடங்களுக்குள் வெளியே போனது. மீன்பிடிப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் ஒரே தொற்றுநோய்கள் பரவக்கூடும் என்பதால், பிடிக்கும் பூனைகளுக்குத் தடுப்பூசியும் போடுவிக்கிறோம்.

கருத்தடை செய்த பூனையை எங்கே விடுவது என்பதில் விலங்கு நேசர்களோடு எனக்கு இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது அவர்களின் முறை. வெள்ளவத்தைச் சந்தையிலோ பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளுக்கு இடையிலோ அதை நான் ஏற்றுக்கொள்வேன். தொகை காலப்போக்கில் குறையும், சுற்றிலும் இழக்கக்கூடிய உயிரினங்களும் குறைவு. ஆனால் கருத்தடை, குட்டி போடுவதைத்தான் நிறுத்துகிறது, வேட்டையை நிறுத்துவதில்லை. காது வெட்டப்பட்ட பூனையும் கானாங்கோழிக் குஞ்சைப் பிடிக்கும். பத்து வருடம் வாழ்ந்தால் பத்து வருடம் பிடிக்கும். ஆகவே சரணாலயத்துக்கு நூறு, இருநூறு மீற்றருக்குள் பிடித்தவற்றை நாங்கள் மீண்டும் அங்கே விடுவதில்லை. குட்டிகளையும் மனிதரோடு பழகியவற்றையும் உள்ளேயே வைத்து வளர்க்கச் சம்மதிக்கும் வீடுகளுக்குக் கொடுத்தோம். பழகாத நான்கைந்துக்கு, அன்ரியின் பின்வளவில் கம்பிவலையும் கூரையும் அடித்த ஒரு பெரிய கூண்டு கட்டினோம். செலவும் உழைப்பும் கூடிய வழிதான். கொண்டுபோய்க் கோவில் வாசலிலோ மீன் சந்தையிலோ விட்டுவிடும் இலகுவான வழி எதையும் தீர்ப்பதில்லை. ஒரு ஒழுங்கையின் சுமையை இன்னொரு ஒழுங்கைக்கு மாற்றுவதுதான் அது.

பூனைகள் குறைந்த பிறகு வந்த அடுத்த பிரச்சினை எலி. எலிக்காய்ச்சலுக்குப் பயந்த அயலவர்கள் என்னைக் குற்றம் சொன்னார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான மக்குவாரித் தீவில் 2000 ஆம் ஆண்டளவில் பூனைகள் முற்றாக அகற்றப்பட்ட பின் முயல்கள் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையாக்கின. பூனை போனதா, முயல்களுக்கு எதிராகப் பரப்பிய வைரஸ் வலுவிழந்ததா காரணம் என்று அறிவியலாளர் வாதிட்டார்கள். எப்படியாயினும் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒழித்து, 2014 இல்தான் அந்தத் தீவைச் சுத்தமானது என்று அறிவிக்க முடிந்தது. ஒரு வேட்டைவிலங்கை எடுக்கும்போது, அது தின்றவற்றுக்கு யார் பொறுப்பு என்பதையும் அன்றே யோசிக்க வேண்டும். எங்கள் விடயத்தில் எலிக்கு உணவளித்தது நாங்களேதான்: குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்திய இரவே கேற்றில் தொங்கிய பைகள், மதிலோரச் சோறு, கோழிக்கூட்டில் சிந்திய தவிடு. மூடியுள்ள வாளி, காலையில் மட்டும் குப்பையை வெளியே வைப்பது, அரை மணித்தியாலத்தில் மிச்சச் சோற்றை எடுத்துவிடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்கை முழுவதும் ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் எடுத்தது. எலி நஞ்சு வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னோம், ஏனெனில் அந்த நஞ்சு தின்ற எலி சாவதற்கு நாட்கள் எடுக்கும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியை ஆந்தையும் சாரைப் பாம்பும் மீன்பிடிப் பூனையும் தின்றுவிடும். பொறியும் சுத்தமும் மெதுவானவை, ஆனால் அவை வேறு எதையும் கொல்வதில்லை.

தெருநாய்களும் சதுப்புக்குள் இறங்கி வேட்டையாடுகின்றன. அது தனி ஒழுங்கையால் முடிகிற வேலையல்ல என்பதால் இங்கே அதைத் தொடவில்லை.

பங்குனியிலிருந்து குண்டுகரிச்சான் கூடு கட்டும் காலம். நன்றாகப் பறக்கக் கற்குமுன்பே அதன் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கித் தரையிலும் தாழ்ந்த செடியிலும் சில நாட்கள் தங்கும். முன்பு அந்த நாட்களில் கொப்பியில் எழுதுவதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது. இந்த வருடம் கொய்யா மரப்பொந்தில் பொரித்த இரண்டு குஞ்சுகளும் வளவுக்குள்ளேயே பறக்கப் பழகின. வாய்க்கால் கரையில் கானாங்கோழி ஒன்று கரித்துண்டுகளைப் போன்ற கறுத்த குஞ்சுகளோடு ஒழுங்கை முடிவுவரை வந்து, குப்பை வாளியடியில் கொத்திவிட்டுத் திரும்புகிறது. மதில்களில் பச்சை ஓணான்கள் மீண்டும் தலையாட்டுகின்றன.

அந்தச் சாம்பல் பெட்டை இன்னும் அகப்படவில்லை. அன்ரி நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் அழைத்து, அதன் வயிறு தொங்குகிறது, இன்னும் மூன்று கிழமைகூடத் தாங்காது என்றார். கட்டித் திறந்துவைத்த கூட்டுக்குள் மூன்று நாட்களாக அவர் சோறு வைக்கிறார். முதல் இரண்டு நாளும் வாசலில் நின்று மணந்துவிட்டுப் போன பூனை, நேற்று முன்கால் இரண்டையும் உள்ளே வைத்துத் தின்றதாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மிருக வைத்தியரிடம் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பகல் முழுவதும் கூட்டருகில் நான் இருப்பேன். பின்னேரம் அங்கிள் வந்து என்னை மாற்றுவார்.